நம் மதத்தை நாமே கேள்வி கேட்கலாமா?

[கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரே வரி: "கேட்டால் தலை விழுந்துவிடும்."]

இந்த மிரட்டல் பிருகதாரண்யக உபநிடதத்தில் வருகிறது. இடம், ஜனக மன்னனின் வேள்விச் சபை. பரிசு ஆயிரம் பசுக்கள். கொம்புகளில் பொன் கட்டியிருக்கிறது. இங்கிருப்பவர்களில் யார் பெரிய ஞானியோ அவர் ஓட்டிச் செல்லலாம் என்கிறான் அரசன். வாதம் தொடங்கும் முன்பே யாக்ஞவல்கியர் என்ற முனிவர் தம் மாணவனிடம் பசுக்களை ஓட்டச் சொல்லிவிடுகிறார். சபை கொதிக்கிறது. ஒவ்வொருவராக எழுந்து அவரை மடக்கப் பார்க்கிறார்கள். அவர்களில் ஒருத்தி கார்கி.

"இவையெல்லாம் நீரின் மீது ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருக்கின்றன என்றால், நீர் எதன் மீது நெய்யப்பட்டிருக்கிறது?" என்று தொடங்குகிறாள். காற்றின் மீது என்கிறார் அவர். காற்று எதன் மீது? அவர் பதில் சொல்லச் சொல்ல அவள் அடுத்த படியில் காலை வைக்கிறாள். பிரம்ம உலகம் வரை போய், அது எதன் மீது என்று கேட்கும்போதுதான் அவர் பொறுமை இழக்கிறார். "கார்கி, அளவு மீறிக் கேட்காதே. தலை விழுந்துவிடும்." அவள் வாய் மூடி அமர்கிறாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால், கேள்வி கேட்கும் பிள்ளைகளை அடக்க வசதியாக இருந்திருக்கும். ஆனால் சற்று நேரம் கழித்துக் கார்கி மறுபடியும் எழுந்துவிடுகிறாள். நாணேற்றிய வில்லும் இரண்டு அம்புகளுமாக வரும் போர்வீரனைப் போல இரண்டு கேள்விகளோடு வந்திருக்கிறேன் என்கிறாள். இந்த முறை அவர் தடுக்கவில்லை. "கேள், கார்கி" என்கிறார். அழிவில்லாத ஒன்றைப் பற்றி அந்த உபநிடதம் தரும் விளக்கம் அவள் கேள்விக்குப் பதிலாகத்தான் வருகிறது. சபையில் ஒருவர் தலை உண்மையாகவே விழுகிறது. அது சாகல்யருடைய தலை. யாக்ஞவல்கியர் திருப்பிக் கேட்ட கேள்விக்கு அவரிடம் விடை இல்லை.

[திரையில் தலைப்பு: கேட்கலாமா?]

வணக்கம். நீங்கள் எந்த மதத்தில் பிறந்தவராக இருந்தாலும் இந்த வீடியோவைத் தேடி வந்ததற்குக் காரணம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். தொழுகையிலோ ஜெபத்திலோ பூஜையிலோ இருக்கும்போது ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்திருக்கும். அடுத்த நொடியே ஒரு பயமும் வந்திருக்கும்: இப்படி நினைப்பதே பாவமோ?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கலாம். உங்கள் வேதமே அதற்கு இடம் வைத்திருக்க வாய்ப்பு அதிகம். தடுப்பது பெரும்பாலும் அந்த வேதத்தின் பெயரால் பேசுகிற மனிதர்கள்.

இதைச் சும்மா சொல்லவில்லை. குர்ஆனின் 2ஆம் அத்தியாயம், 260ஆம் வசனத்தைப் பாருங்கள். இறைவனிடம் இப்ராஹீம் நபி கேட்கிறார்: இறந்தவர்களை நீ எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டு. நீ நம்பவில்லையா என்று கேள்வி வருகிறது. நம்புகிறேன், ஆனாலும் என் உள்ளம் அமைதி பெற வேண்டும் என்கிறார். இதற்குத் தண்டனை எதுவும் இல்லை. நான்கு பறவைகளை எடுத்துக்கொள் என்று செய்முறை விளக்கமே கிடைக்கிறது. நம்பிக்கையும் கேள்வியும் ஒரே ஆளிடம், ஒரே நேரத்தில், ஒரே வசனத்தில்!

பைபிளில் யோபு. பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்தவர், தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். கடவுளை வழக்காட அழைக்கிறார். பார்க்க வந்த நண்பர்களோ கடவுளுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள்: நீ ஏதோ தவறு செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை. கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் யார் மேல் திரும்புகிறது? நண்பர்கள் மேல். என் ஊழியன் யோபு பேசியதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். கடவுளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அழுகிறவன் வாயை அடைக்கிற எல்லோரும் படிக்க வேண்டிய இடம் இது.

தமிழில் சுந்தரர் இருக்கிறார். கண்பார்வை போன நிலையில் திருவாரூர் இறைவனிடம் அவர் பாடிய பதிகத்தில், உமக்கே மீளா அடிமையாக இருப்பவர்கள் இப்படித் துன்பப்பட்டால் நீர் மட்டும் "வாழ்ந்து போதீரே" என்று குத்திக் காட்டுகிறார். இவ்வளவு கசப்பான வரியைத் தேவாரத்திலிருந்து யாரும் நீக்கவில்லை.

கேசபுத்தம் என்ற ஊருக்குப் புத்தர் வந்தபோது அங்கிருந்த காலாமர்கள், வருகிற துறவிகள் எல்லோரும் தத்தம் கொள்கையைப் புகழ்ந்து மற்றதை இகழ்கிறார்கள், யாரை நம்புவது என்று முறையிட்டார்கள். நீங்கள் ஐயப்படுவது பொருத்தமே என்றார் அவர். பரம்பரையாக வந்தது என்பதற்காகவோ நூலில் இருக்கிறது என்பதற்காகவோ இவர் நம் குரு என்பதற்காகவோ ஏற்க வேண்டாம் என்றார். இதை மட்டும் எடுத்துக்கொண்டு, மனம் போனபடி நம்பலாம் என்று புத்தரே சொன்னதாகச் சொல்பவர்கள் உண்டு. அதற்கு அடுத்த வரிகளையும் அவர்கள் படித்திருக்கலாம்: ஒரு கொள்கை பேராசையையும் வெறுப்பையும் மயக்கத்தையும் வளர்க்கிறதா, அறிவுள்ளவர்கள் அதைக் கண்டிக்கிறார்களா என்று பார்க்கவும் சொல்கிறார்.

இனி எதிர்த் தரப்பு. எச்சரிக்கைகளும் வேதங்களில் இருக்கின்றன, மறைப்பது நேர்மையாகாது. ஐயத்திலேயே உழல்பவன் அழிவான் என்கிறது கீதை, 4ஆம் அத்தியாயத்தில். வெளிப்படுத்தினால் உங்களுக்கு வருத்தம் தரக்கூடிய விஷயங்களைக் கேட்காதீர்கள் என்று குர்ஆனிலும் ஒரு வசனம் உண்டு. ஆனால் கீதையின் அமைப்பே அர்ஜுனன் கேட்டுக்கொண்டே போவதுதான். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பின் 18ஆம் அத்தியாயத்தில், இதை முழுவதும் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்கிறார் கண்ணன். இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இது: கீதை கண்டிக்கிற சந்தேகம் எதையும் தேடாமல், எதிலும் இறங்காமல், உட்கார்ந்த இடத்திலேயே உழல்கிற சந்தேகம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

[திரையில்: பாக்தாத், 1095]

தேடுகிற சந்தேகம் எப்படி இருக்கும் என்று பார்க்க இஸ்லாமிய அறிஞர் அல்-கஸ்ஸாலியிடம் போக வேண்டும். 1058இல் துஸ் நகரில் பிறந்தவர். முப்பதுகளின் தொடக்கத்திலேயே பாக்தாதின் புகழ்பெற்ற நிஜாமிய்யா கல்லூரியில் பேராசிரியர். இஸ்லாமிய உலகின் உச்சப் பதவிகளில் ஒன்று அது.

தம் தேடல் எங்கே தொடங்கியது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். கிறிஸ்தவப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவே வளர்கிறார்கள். யூதப் பிள்ளைகள் யூதர்களாக. முஸ்லிம் பிள்ளைகள் முஸ்லிம்களாக. அப்படியானால் என் நம்பிக்கையில் நான் கண்டறிந்தது எவ்வளவு, பெற்றோர் ஊட்டியது எவ்வளவு? இன்று இதைக் கேட்டால் இணையத்தில் படித்துவிட்டுப் பேசுகிறான் என்பார்கள். இது ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முந்தைய கேள்வி.

அதிலிருந்து அவர் புலன்களையே சந்தேகிக்கும் இடத்துக்குப் போனார். நிழல் அசையாதது போலத் தெரிகிறது, ஆனால் நகர்கிறது. விண்மீன் சிறு காசளவு தெரிகிறது, ஆனால் பூமியைவிடப் பெரியது என்று கணக்கு சொல்கிறது. கண் பொய் சொன்னால், அறிவு மட்டும் பொய் சொல்லாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஏறக்குறைய இரண்டு மாதம் எதையும் நம்ப முடியாமல் இருந்ததாக எழுதுகிறார். அதிலிருந்து மீட்டது வாதம் அல்ல, இறைவன் நெஞ்சில் பாய்ச்சிய ஒளி என்கிறார்.

1095இல் வந்தது வேறொரு நெருக்கடி. தாம் பாடம் நடத்துவது இறைவனுக்காகவா, பேருக்காகவா என்ற கேள்வி. ஆறு மாதம் இழுபறி. ஒரு கட்டத்தில் வகுப்பில் நா எழவில்லை, உணவு இறங்கவில்லை. நோய் மனத்தில் இருக்கிறது என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டமாஸ்கஸுக்குக் கிளம்பிவிட்டார். பதவியை விட்டு அலைந்து, தனிமையில் இருந்து, பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் கற்பிக்க வந்தார். நம்பிக்கையை அவர் விடவில்லை. ஆனால் பழைய இடத்துக்கும் திரும்பவில்லை. கேள்வி கேட்காத நம்பிக்கை கண்ணாடி போன்றது, உடைந்தால் ஒட்டுப்போட முடியாது, தீயில் உருக்கி மறுபடியும் வார்க்கத்தான் வேண்டும் என்பது அவர் சொன்னது.

எல்லோரும் கஸ்ஸாலி போலத் திரும்புவார்கள் என்று நான் உறுதி தரப்போவதில்லை. தத்துவஞானி ஸ்பினோசா திரும்பவில்லை. 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் 23 வயதான அவரை விலக்கி வைத்தது. அவருடன் யாரும் பேசக் கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக் கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக் கூடாது. அவர் வேறு மதத்திலும் சேரவில்லை. 1677இல் இறக்கும் வரை அப்படியே வாழ்ந்தார். கேட்டால் எங்கே போய் நிற்போம் என்று முன்கூட்டியே தெரியாது. முடிவு முன்பே தெரிந்தால் அது கேள்வியே ஆகாது.

ஆகவே பயம் முழுக்க அர்த்தமற்றது என்று சொல்ல மாட்டேன். 1948இன் மனித உரிமைப் பிரகடனம், 18ஆவது பிரிவில், மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை உட்பட மனச்சாட்சிச் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு என்கிறது. நடைமுறையில் மதத்தை விடுவதும் விமர்சிப்பதும் குற்றமாக இருக்கும் நாடுகள் இன்றும் உள்ளன. சட்டம் விட்டாலும் குடும்பம் விடாத இடங்கள் உண்டு. கேள்வி கேட்பது சரியா என்பது ஒன்று. யாரிடம், எப்போது, எவ்வளவு சத்தமாகக் கேட்பது என்பது வேறு. இரண்டாவதில் உங்கள் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது கோழைத்தனம் ஆகாது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலருக்குத் தெய்வ நிந்தனையான எண்ணம் விருப்பமில்லாமலேயே திரும்பத் திரும்ப வரும். பிரார்த்தனையைச் சரியாகச் சொன்னோமா என்று பத்து முறை சொல்லிப் பார்ப்பார்கள்; பாவமன்னிப்பு கேட்டும் நிம்மதி இருக்காது. அது நாம் இதுவரை பேசிய கேள்வியே அல்ல. ஓசிடி எனப்படும் மனநலக் கோளாறு மத வடிவில் வருவதாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் பக்தியில் குறை தேடாதீர்கள்.

நல்ல கேள்வியை எப்படிக் கேட்பது என்பதற்குத் தாமஸ் அக்குவினாஸ் ஒரு வழி காட்டியிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்கத் துறவி. கடவுள் இருக்கிறாரா என்று எழுதத் தொடங்கும்போது அவர் முதலில் வைப்பது, இல்லை என்பவர்களின் வாதங்களை. உலகில் தீமை இருக்கிறதே. இயற்கையைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிடலாமே. இவற்றை மழுக்காமல் எழுதிவிட்டுத்தான் தம் பதிலுக்கு வருகிறார். நீங்களும் ஒரு தாளில் அப்படி எழுதிப் பாருங்கள். நம்புகிறவர் எதிர்வாதத்தை, விட்டுவிட்டவர், நம்புகிறவரின் வாதத்தை. எதிராளி படித்தால் ஆமாம், இதைத்தான் சொல்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும்படி இருக்க வேண்டும். பெரும்பாலான சண்டைகள் இந்த இடத்திலேயே நின்றுபோகும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. பிள்ளை வந்து, கடவுள் இருந்தால் ஏன் அந்தக் குழந்தை செத்தது என்று கேட்டால், அது உங்களை அவமதிக்கவில்லை. எனக்கும் தெரியாது, யாரிடம் கேட்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் அடுத்த கேள்வியையும் உங்களிடம்தான் கொண்டுவரும். அதட்டி அனுப்பினால் அதே கேள்வியை வேறு யாரிடமாவது கேட்கும். அவர் யார், என்ன பதில் சொன்னார் என்பது உங்கள் காதுக்கு வராது.