நெல் விலை விழுந்தபோது ஐந்தொகை என்ன சொன்னது

அன்பர்களே, பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வட்டித் தொழில் செய்யப் போன நகரத்தாரை, நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் செட்டிநாட்டு வீடுகளுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அவர்கள் அங்கே நடத்திய வட்டிக்கடைகளின் ஐந்தொகைதான், அதாவது சொத்தையும் கடனையும் காட்டும் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது, அதிலும் 1930க்கு அப்புறம் வந்த கணக்கு.

அந்தச் சமயத்தில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 கடைகள், அவற்றில் புரண்ட பணம் 75 கோடி ரூபாய். பெரும்பகுதி நெல் விவசாயிகளுக்குக் கொடுத்த கடன். சொந்த முதல் போக, உறவுக்காரர்கள் குறித்த காலத்துக்கு வட்டிக்குப் போட்ட தவணைப் பணம், பெரிய பாங்குகளில் வாங்கிய கடன் எல்லாம் இதில் உண்டு. காரைக்குடியில் ஒரு ஆச்சி நம்பிப் போட்ட பணம் ஐராவதிக் கழிமுகத்தில் யாரோ ஒருவருடைய வயலில் நாற்றாக நின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உலகமெங்கும் மந்தம் வந்தது, நெல் விலை பாதிக்கும் கீழே போனது, விவசாயியால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை, நிலத்தை எழுதிக் கொடுத்தார். 1930இல் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1937இல் அது 25 சதவீதம்! வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு இது கொழுத்த வளர்ச்சி. ஆனால் லேவாதேவிக்காரருக்கு வேண்டியது புரளும் காசு. வயலை வைத்துக்கொண்டு தவணைக்காரருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது? விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை. பரம்பரை நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கோபமும் நியாயமானது, அதை நாம் மறைக்கக் கூடாது.

சரி, தாக்குப்பிடித்தவர்கள் எப்படிப் பிடித்தார்கள்? இலங்கையிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்தவர்களுக்கு ஒரே ஊரை, ஒரே பயிரை நம்ப வேண்டியிருக்கவில்லை. இன்னொரு வழியும் இருந்தது, என்னை மிகவும் கவர்ந்தது அதுதான். குடும்பக் கடை என்ற அமைப்பைத் தாண்டி, பொதுமக்கள் பணம் போடக்கூடிய பாங்கு ஒன்றைத் தொடங்குவது. 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று ஒரே நாளில் மூன்று கிளைகள், அப்புறம் பினாங்கு. அந்நியச் செலாவணிதான் அதன் குறி. ஊரார் கடல் தாண்டிப் பணம் அனுப்பிப் பழகியவர்கள், அந்தப் பழக்கத்தையே தொழிலாக்கினார் அவர்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே ஆண்டு ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது.