தூக்க மாத்திரை: விடிந்தாலும் இறங்காது

வணக்கம் மக்களே. அலைச் சத்தம் கேட்கிறதா? கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச், காலை மணி ஐந்தேகால், ஐஸ் பெட்டியை எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு ஒருத்தர் போகிறார் பாருங்கள். நான் வந்தது வாக்கிங்குக்கு இல்லை, ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

எந்தத் தூக்க மாத்திரை நல்லது என்று கமெண்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எத்தனை மணி நேரம் உடம்பில் தங்கும் என்று முதலில் கேளுங்கள். நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். போன வருடம் ஒரு ராத்திரி, அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த குளோனாசிபாம் அரை மி.கி.யை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அருமையான தூக்கம். மறுநாள் பத்து மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வண்டியில் போகிறேன், முன்னால் ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது, கண்ணுக்குத் தெரிகிறது, கை மட்டும் பிரேக்கைப் பிடிக்கவில்லை. முழங்கை சிராய்ப்போடு தப்பித்தேன். அந்த மருந்து பாதியாகக் குறையவே 30, 40 மணி நேரம் ஆகும் என்று டாக்டர் அப்புறம்தான் சொன்னார், கூடவே நல்ல திட்டும். தினமும் போட்டால் நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றையது ஏறும்.

அல்பிரசோலமும் அதே குடும்பம்தான், பாதியாக ஏறக்குறைய 11 மணி நேரம். பழகிய பிறகு திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு வலிப்பே வரும், டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சோல்பிடெம் வேறு ரகம், இரண்டு மூன்று மணி நேரத்தில் பாதி இறங்கிவிடும். ஆனால் பெண்கள் உடம்பில் மெதுவாக இறங்குகிறது என்று 2013ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அவர்களுக்கு 10 மி.கி.யை 5 ஆகக் குறைத்தது. தூக்கத்திலேயே எழுந்து நடந்து, கார் ஓட்டியவர்கள்கூட உண்டு. 2019ல் அதற்கென்றே கடுமையான எச்சரிக்கை போட்டார்கள். இதில் எதையும் சரக்கோடு சேர்க்காதீர்கள், மூச்சே அடங்கிவிடும். புதுச்சேரி கூப்பிடு தூரத்தில் இருப்பதால் சொல்கிறேன்.

தூக்கத்துக்காகச் சளி மாத்திரை போடுகிற பெரியப்பாக்களே, வயதானால் அது சிறுநீரை அடைக்கும், புத்தியைக் குழப்பும். மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோன் மாத்திரை உடம்புக் கடிகாரத்தைக் கொஞ்சம் நகர்த்தும், அவ்வளவுதான்.

எனக்கு டாக்டர் மாத்திரையே எழுதவில்லை. தூக்கம் வராமல் புரண்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடு, எப்போது தூங்கினாலும் ஐந்து மணிக்கு எழு, பகலில் படுக்காதே என்றார். சிபிடி-ஐ என்று பெயர், தூக்கமின்மைக்கு மாத்திரை இல்லாமல் பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றுகிற சிகிச்சை. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்கிற மருத்துவர் அமைப்பு 2016ல் முதல் சிகிச்சையாகச் சொன்னது இதைத்தான். இன்றோடு மூன்றாவது வாரம். ராத்திரி பரவாயில்லை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் உயிர் போகிறது.

சரி, படகு வந்துவிட்டது, சங்கரா மீன் தீர்வதற்குள் போகிறேன்.