பாக்கெட்டின் முன்பக்கம்

அனைவருக்கும் வணக்கம்.

உடல் பருமன் என்று பேச்சு எடுத்தாலே, "வாயைக் கட்டணும்" என்பதுதான் நம் ஊரில் முதலில் வரும் பதில். டாக்டரும் அதையே சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். ஒரு கணக்கைப் பாருங்கள். 2015-16இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோடோ பருமனாகவோ இருந்தார்கள். 2019-21 ஆய்வில் அது 40.4 சதவீதம். இந்தச் சில வருடங்களில் லட்சக்கணக்கான பெண்களுக்கு ஒரே சமயத்தில் வாய்க்கட்டுப்பாடு போய்விட்டதா? எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடையில் என்ன கிடைக்கிறது, என்ன விலைக்குக் கிடைக்கிறது, பிள்ளைகளின் கண்ணில் எது திரும்பத் திரும்பப் படுகிறது, இவைதான் மாறியிருக்கின்றன. இவற்றில் அரசு கை வைக்க முடியும். அதிலும் பாக்கெட்டின் முன்பக்கத்தில் என்ன எழுத வைக்கலாம் என்பதைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன்.

என் கையில் இருப்பது ஒரு க்ரீம் பிஸ்கட் பாக்கெட். பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்பக்கம் பால் டம்ளர், கோதுமைக் கதிர், சிரிக்கிற குழந்தை. பின்பக்கம் திருப்பினால், ஒட்டிய மடிப்புக்குப் பக்கத்தில், எறும்பு வரிசை மாதிரி எழுத்து. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் 100 கிராமுக்குச் சர்க்கரை 35 கிராம் என்று இருக்கிறது. பாக்கெட் 60 கிராம். அப்படியானால் இதற்குள் 21 கிராம் சர்க்கரை, சுமார் ஐந்து டீஸ்பூன். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிறது. இதைச் சாப்பிடுவதோ ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை. கடையில் நிற்கும் தாய்க்கு இந்தப் பெருக்கலும் வகுத்தலும் செய்ய நேரம் ஏது?

இதே பாக்கெட்டை தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டில் விற்றால், முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்த வேண்டும். உள்ளே வெள்ளை எழுத்தில் "சர்க்கரை அதிகம்" என்றும், கீழே அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்தின் பெயரும் இருக்கும். அங்கே வரம்பு 100 கிராமுக்கு 10 கிராம் சர்க்கரை. உப்புக்கும், நிறைகொழுப்புக்கும், கலோரிக்கும் தனித்தனி முத்திரை உண்டு. நான்கும் குத்திய பாக்கெட்டுகளும் அங்கே உண்டு.

இந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. கீடோ ஹிரார்டி என்ற செனட்டர், அவரே ஒரு டாக்டர், 2007இலிருந்து இதற்காகப் போராடினார். சட்டம் 2012இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2016 ஜூனில்தான். நடுவில் கம்பெனிகள் கொடுத்த நெருக்கடி கொஞ்சநஞ்சமல்ல. வரம்பைக்கூட ஒரேயடியாகப் போடாமல், 2016, 2018, 2019 என்று மூன்று கட்டமாக இறுக்கினார்கள். முதல் கட்டத்தில் சர்க்கரை வரம்பு 22.5 கிராம். தயாரிப்பை மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தாயிற்று, அப்புறம் சாக்குச் சொல்ல இடமில்லை.

முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளிக்கூடத்தில் விற்கக் கூடாது. பிள்ளைகளை இழுக்கும் கார்ட்டூன் படம் போடக் கூடாது. கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரியான காலை உணவு டப்பாவில் இருந்த பிரபலமான புலி காணாமல் போனது. உள்ளே பொம்மை வைத்த சாக்லேட் முட்டைக்கும் தடை. 2018இலிருந்து காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை டிவியில் அந்தப் பண்டங்களின் விளம்பரமே வரக் கூடாது.

பலன் என்ன? முத்திரை விழும் இனிப்புப் பானங்களை மக்கள் வாங்குவது சுமார் 24 சதவீதம் குறைந்தது என்று முதல் கட்டத்துக்குப் பிறகு நடந்த ஆய்வு சொல்கிறது. முத்திரை வாங்காமல் தப்பிக்க, பல கம்பெனிகள் சர்க்கரையையும் உப்பையும் தாங்களாகவே குறைத்தன. எனக்கு இதுதான் முக்கியம். முத்திரையை ஒருபோதும் கவனிக்காத ஆளின் தட்டிலும் சர்க்கரை குறைகிறது. இன்னொன்றும் உண்டு. சிலித் தாய்மார்களிடம் பேசிய ஆய்வாளர்களிடம் அவர்கள் சொன்னது: வீட்டில் இதைப் பிடித்துக்கொண்டு நிற்பது சின்னப் பிள்ளைகள்தான், கறுப்பு முத்திரை இருப்பதைப் பள்ளிக்கூட டப்பாவில் போட்டு அனுப்பாதே என்று அவர்களே சொல்கிறார்களாம்.

எல்லாரும் ஒல்லியாகிவிட்டார்களா என்றால், இல்லை. அந்த நாட்டில் பெரியவர்களில் நான்கில் மூன்று பேருக்கு எடை அதிகம். பல பத்தாண்டுகளாக ஏறியது ஒரு முத்திரையால் இறங்கிவிடாது. ஆனால் பெரு, உருகுவே, மெக்ஸிகோ, அர்ஜென்டினா என்று ஒவ்வொரு நாடாக அதே வழிக்கு வந்திருக்கின்றன.

சரி, இந்தியாவுக்கு வருவோம். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் ஒரு வரைவு வெளியிட்டது. அதில் எச்சரிக்கை முத்திரை கிடையாது, நட்சத்திரக் குறியீடு. அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை, கூடக்கூட நல்ல பண்டம் என்று அர்த்தம். சர்க்கரைக்கு மதிப்பெண் குறையும், பருப்போ நார்ச்சத்தோ கொஞ்சம் சேர்த்தால் கூடும். ஆக, இனிப்பு அப்படியே இருக்க, நட்சத்திரம் ஏறலாம். இந்த முறை ஆஸ்திரேலியாவில் 2014இலிருந்து இருக்கிறது. அங்கே பாலில் கலந்து குடிக்கும் மைலோ என்ற சத்துமாவுப் பானத்தின் டப்பாவில் நாலரை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். கொழுப்பு நீக்கிய பாலில் கலந்து குடித்தால் வரும் கணக்கு அது. தூளை மட்டும் எடுத்தால் ஒன்றரைதான். மக்கள் கேள்வி கேட்க, 2018இல் கம்பெனியே நட்சத்திரத்தை எடுத்துவிட்டது. இப்படி ஒரு பாடம் கண்ணெதிரே இருக்கும்போது நாம் ஏன் அதே பள்ளத்தில் இறங்க வேண்டும் என்று உண்மையிலேயே எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முன்பக்கக் குறியீட்டை மூன்று மாதத்தில் முடிவு செய்யச் சொன்னது. அந்தக் கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. கோலாவுக்கு 40 சதவீதம். சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் அதே 40தான். பிரிட்டனில் 2018இலிருந்து சர்க்கரை ஏற ஏற வரியும் ஏறுகிறது. அதனால் வரி அமலுக்கு வரும் முன்பே கம்பெனிகள் சர்க்கரையைக் குறைக்க ஆரம்பித்தன. இங்கே குறைத்தால் என்ன லாபம், குறைக்காவிட்டால் என்ன நஷ்டம்?

2021இலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். அந்த மாத்திரைப் பட்டியலில் புதிய பெயர்கள் சேரும் வேகத்தைக் குறைப்பதுதான் நான் கேட்பது.

அடுத்த வரைவு வரும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் தருவார்கள். கம்பெனிகள் கட்டாயம் எழுதும். நீங்களும் எழுதுங்கள், ஒரு பக்கம் போதும். நட்சத்திரம் வேண்டாம், எச்சரிக்கை முத்திரை வேண்டும் என்று எழுதுங்கள். அது முன்பக்கத்தில், கண்ணாடி இல்லாமல் தெரியும் அளவில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது. இஸ்ரேலில் சிவப்பு வட்டத்துக்குள் படமே போடுகிறார்கள். இத்தனை மொழி பேசும் நாட்டுக்கு, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பேரனுக்குப் பண்டம் வாங்கும் நாட்டுக்கு, அந்தப் படமும் அவசியம் என்று சேர்த்து எழுதுங்கள்.

நன்றி, வணக்கம்.