அனுபவம் இல்லாத செவிலியருக்கு வேலை இல்லை என்றால், அனுபவம் எங்கிருந்து வரும்?

வணக்கம். செவிலியர் படிப்பை முடித்து, தேர்வு எழுதி, பதிவும் பெற்று, இன்னும் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கும் என்னைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தக் காணொளி. ஊக்கமூட்டும் பேச்சை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அத்தகைய காணொளிகள் ஏராளமாக இருக்கின்றன. தூக்கம் வராத இரவுகளில் அவற்றில் பலவற்றை நானும் பார்த்திருக்கிறேன், மறுநாள் காலையில் மின்னஞ்சல் பெட்டி காலியாகத்தான் இருந்தது. செவிலியர்கள் போதவில்லை என்று எல்லோரும் சொல்லும் காலத்தில், புதிதாகப் படித்து வந்த செவிலியரை எந்த வார்டும் ஏன் சேர்த்துக்கொள்வதில்லை என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில், பற்றாக்குறை என்பது பொய்யல்ல. உலக சுகாதார நிறுவனம் 2025 மே மாதம் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-ஆம் ஆண்டில் உலகில் 2 கோடியே 98 லட்சம் செவிலியர்கள் இருந்தார்கள்; இன்னும் 58 லட்சம் பேர் தேவைப்பட்டார்கள். இந்த எண்ணைத்தான் உறவினர்கள் செய்தியில் பார்த்துவிட்டு, "உங்கள் துறையில் வேலைக்கு என்ன குறை, நீதான் சரியாகத் தேடவில்லை போலிருக்கிறது" என்று நம்மிடம் சொல்கிறார்கள். ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: வருமானம் குறைந்த நாடுகளில் படித்து வெளிவரும் செவிலியர்களின் எண்ணிக்கை வேகமாக உயர்ந்தாலும், அவர்கள் அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு வேலைவாய்ப்புகள் உயரவில்லை. அந்த 58 லட்சம் என்பது மக்களுக்கு எத்தனை செவிலியர்கள் தேவை என்ற கணக்கு. எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது முற்றிலும் வேறு கணக்கு. ஒரு வார்டில் நோயாளிகள் நிரம்பி வழியலாம், பணியில் இருக்கும் செவிலியர்கள் சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கலாம்; நிதிப் பிரிவு ஒப்புதல் தராதவரை அங்கே காலிப்பணியிடம் என்று ஒன்று இருக்காது. நமக்கு வேலை கிடைப்பது இந்த இரண்டாவது கணக்கை வைத்துத்தான்.

அப்படி ஒப்புதல் கிடைத்து ஓர் இடம் திறந்தாலும், விளம்பரத்தில் முதல் வரியே நம்மைத் திருப்பி அனுப்பிவிடும்: இரண்டு ஆண்டு அனுபவம் அவசியம். இதற்குப் பின்னால் இருக்கும் காரணத்தை நெடுநாள் யோசித்துப் பார்த்தேன். நிர்வாகத்தின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது புரியத்தான் செய்கிறது. புதிதாக ஒருவர் சேர்ந்தால், சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ அவருடைய பெயரைப் பணிப்பட்டியலில் முழு ஆளாகக் கணக்கிட முடியாது. அவருக்குச் சம்பளமும் போகும், அவரோடு நின்று கற்றுக்கொடுக்கும் மூத்த செவிலியரின் நேரமும் போகும். இவ்வளவும் செலவழித்த பிறகு, அவர் நன்றாகத் தேறியவுடன் பக்கத்து மருத்துவமனை கொஞ்சம் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்ளும். எனவே ஒவ்வொரு மருத்துவமனையும், வேறொரு மருத்துவமனை பயிற்சி கொடுத்து முடித்த ஆளுக்காகக் காத்திருக்கிறது. எல்லோரும் இப்படியே காத்திருந்தால் அந்த முதல் இரண்டு ஆண்டுகளை யார்தான் கொடுப்பது என்ற கேள்வியை யாரும் தன்னுடையதாக எடுத்துக்கொள்வதில்லை. செலவு முழுவதும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில், கல்விக் கடனோடு நிற்பவர்களின் தலையில் வந்து விழுகிறது.

இணையவழி விண்ணப்பப் படிவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "பணி அனுபவம், ஆண்டுகளில்" என்று ஒரு கட்டம் இருக்கும். சில படிவங்களில் அதில் பூஜ்ஜியம் என்று போட்டால் அடுத்த பக்கத்துக்கே நகராது. மனிதர் ஒருவர் படித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால்கூட ஆறுதலாக இருக்கும். இங்கே நம்மை நிராகரிப்பது ஒரு கட்டம்.

அந்தப் பூஜ்ஜியம் சரிதானா என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, பொதுச் செவிலியர் படிப்பு குறைந்தது 4,600 மணி நேரம் இருக்க வேண்டும். அதில் பாதியாவது நேரடி மருத்துவப் பயிற்சியாக இருக்க வேண்டும். அதாவது 2,300 மணி நேரம். வாரத்துக்கு 40 மணி நேரம் என்று, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் ஓராண்டு முழுவதும் வேலை செய்பவர் செய்வது 2,080 மணி நேரம். ஆக, ஒரு முழுநேர ஊழியரின் ஓராண்டைவிட அதிகமான நேரத்தை வார்டிலும் அறுவை அரங்கிலும் பிரசவ அறையிலும் செலவிட்டவரின் அனுபவத்தைத்தான் படிவம் பூஜ்ஜியம் என்று எழுதச் சொல்கிறது. மற்ற இடங்களில் மணிக்கணக்கு வேறுபடும், ஆனால் மாணவப் பருவத்தில் நின்ற நேரத்தை ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடும் வழக்கம் எங்கும் ஒன்றுதான்.

இதில் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. மாணவியாக நின்ற ஒரு மணி நேரமும், பதிவுபெற்ற செவிலியராக நிற்கும் ஒரு மணி நேரமும் சமமல்ல. மாணவியாக இருந்தபோது நாம் தயாரித்த ஊசி மருந்தை இன்னொருவர் சரிபார்த்தார். நோயாளியின் ரத்த அழுத்தம் சரிந்தால் மருத்துவரை அழைப்பது அவருடைய பொறுப்பு. இந்த வேறுபாட்டை அமெரிக்கச் செவிலியர் பேராசிரியர் பாட்ரிசியா பென்னர் 1984-இலேயே தெளிவாக விளக்கியிருக்கிறார். கற்றுக்குட்டி நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரை ஐந்து படிகளைப் பிரித்த அவர், படிப்பை முடித்து வருபவர்களை இரண்டாவது படியில் வைத்தார். திறம்படத் தானே திட்டமிட்டுச் செய்யக்கூடிய மூன்றாவது படிக்கு வர, ஒரே வகையான சூழலில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வேலை செய்திருக்க வேண்டும் என்றார். விளம்பரத்தில் வரும் இரண்டு ஆண்டுகளும் இதுவும் பொருந்துவதைக் கவனியுங்கள். ஆனால் பென்னர் சொன்னது இரண்டாவது படியில் இருப்பவருக்குத் துணை வேண்டும் என்பதற்காக; அவரைப் படியிலேயே ஏற்றாதே என்பதற்காக அல்ல.

காத்திருக்கும் காலம் இன்னொரு தொல்லையைக் கொண்டுவருகிறது. புதிதாகத் தேர்ச்சி பெற்றவர்களுக்கென்றே சில பெரிய மருத்துவமனைகள் நடத்தும் பயிற்சித் திட்டங்கள் இருக்கின்றன. நமக்கு ஏற்ற வழி உண்மையில் அதுதான். ஆனால் அவற்றில் பலவும் பட்டம் பெற்று ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. முடிவு வர ஒரு காலம், பதிவு எண் வர ஒரு காலம், அதற்குப் பிறகு விண்ணப்பித்துக் காத்திருக்க ஒரு காலம் என்று ஓடிவிட்டால், புதியவர்களுக்கான திட்டத்துக்கு நாம் பழையவர்கள், அனுபவசாலிகளுக்கான இடத்துக்கு நாம் புதியவர்கள். அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழும் இதற்கிடையில் காலாவதியாகும். அமெரிக்க இதயச் சங்கத்தின் சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும், புதுப்பிக்கும் செலவு நம்முடையது. கைத்திறமையும் அப்படித்தான். ரத்தக்குழாயில் கேனுலா என்னும் மெல்லிய குழாயைப் போடுவது கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமல்ல, விரல் நுனியில் இருக்கும் பழக்கம். மாதக்கணக்கில் தொடாமல் இருந்தால் அந்த உணர்வு மங்கத் தொடங்குகிறது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு நாம் ஓய்வெடுப்பதாகத் தெரியும்.

நேர்முகத் தேர்வு வரை போனவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் இதில் நமக்குக் கொஞ்சமாவது பிடி இருக்கிறது. புதியவர்களிடம் பெரும்பாலும் ஒரு சூழலைச் சொல்லிக் கேட்பார்கள்: உங்களிடம் நான்கு நோயாளிகள், ஒருவருக்கு வலி மாத்திரைக்கு நேரமாகிவிட்டது, இன்னொருவர் வீட்டுக்குப் போகக் காகிதங்கள் கேட்கிறார், மூன்றாமவருக்குக் கட்டு மாற்ற வேண்டும், அறுவை சிகிச்சை முடிந்து வந்த நான்காமவரின் நாடித்துடிப்பு ஏறி, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கிறது, யாரை முதலில் பார்ப்பீர்கள்? நான்காமவர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும், உள்ளே ரத்தக்கசிவு இருக்கலாம் என்பதும் தெரியும். ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டால் பாதி விடைதான். கேட்பவர் எதிர்பார்ப்பது அடுத்த வரியை: நோயாளியை விட்டு நகராமல் உதவிக்கு ஆள் அழைப்பேன், அறுவைக் காயத்தின் கட்டையும் வடிகுழாயையும் பார்ப்பேன், மூத்த செவிலியருக்கும் மருத்துவருக்கும் நிலைமை, பின்னணி, என் மதிப்பீடு, எனக்கு என்ன தேவை என்ற வரிசையில் சொல்வேன், மற்ற மூவரையும் பார்த்துக்கொள்ளச் சக செவிலியரிடம் கேட்பேன். புதியவர் எல்லாவற்றையும் தானே செய்துவிடுவாரா என்று அவர்கள் பார்ப்பதில்லை. எப்போது இன்னொருவரை அழைக்க வேண்டும் என்று தெரிந்தவரா என்றுதான் பார்க்கிறார்கள். "எனக்கு எல்லாம் தெரியும், தனியாகச் சமாளிப்பேன்" என்று சொல்லும் புதியவரைக் கண்டு அஞ்சாத வார்டு மேற்பார்வையாளர் இருக்க முடியாது.

சுயவிவரக் குறிப்பிலும் இதே அணுகுமுறைதான். கடின உழைப்பாளி, கனிவானவர், குழுவோடு ஒத்துழைப்பவர் என்ற மூன்று வரிகளையும் நீக்கிவிட்டு, எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் நின்றீர்கள், ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தீர்கள், மேற்பார்வையில் எதையெல்லாம் கையால் செய்தீர்கள் என்று உங்கள் லாக்புக்கை, அதாவது மாணவப் பருவத்துப் பயிற்சிப் பதிவேட்டை, திறந்து எழுதுங்கள். மேலே சொன்ன அந்த 2,300 மணி நேரம் கண்ணுக்குத் தெரியும் ஒரே இடம் அதுதான்.

அவர்கள் நம்மைக் கேட்பதைப் போலவே நாமும் கேட்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள்? முதல் எத்தனை வாரங்கள் என்னோடு மூத்தவர் இருப்பார்? அந்த வாரங்களில் அவருக்கு வேறு நோயாளிகள் இருப்பார்களா? வேலை கெஞ்சும் நிலையில் இருக்கும்போது இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்குவோம். செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் சாத்தியம் 7 விழுக்காடு கூடுவதோடு தொடர்புடையது என்று கண்டது. ஆகவே அந்தக் கேள்வி நம் வசதியைப் பற்றியது மட்டுமல்ல. என் அனுபவத்தில், அதற்கு எண்ணைச் சொல்லிப் பதில் தருபவர்களும் இருக்கிறார்கள், "வந்து சேருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். சிரித்த இடத்தில் ஆட்கள் ஏன் தங்குவதில்லை என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

நம்முடைய அவசரத்தை வைத்துப் பிழைப்பவர்களையும் விட்டுவிடக் கூடாது. சம்பளமில்லாப் பயிற்சி என்ற பெயரில் முழு ஷிஃப்ட் வேலை வாங்குவது ஒரு வகை. வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் முகவர்கள் இன்னொரு வகை. மூன்றாவது, ஒப்பந்தப் பத்திரம்: இத்தனை ஆண்டுகள் விலகக் கூடாது, விலகினால் இவ்வளவு தொகை கட்ட வேண்டும் என்பது. உண்மையிலேயே பயிற்சிக்குப் பணம் செலவழிக்கும் மருத்துவமனை ஓரளவு உறுதி கேட்பதை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்ன பயிற்சி, எத்தனை வாரம் என்று ஒரு வரிகூட இல்லாமல் அபராதத் தொகையை மட்டும் தெளிவாக எழுதியிருக்கும் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால், நகல்களை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, பலரும் என்னிடம் கேட்கும் ஒன்று: பெரிய மருத்துவமனை கிடைக்காதபோது முதியோர் இல்லத்திலோ, டயாலிசிஸ் மையத்திலோ, சிறிய கிளினிக்கிலோ சேரலாமா, பிறகு வார்டு வேலைக்குப் போக முடியாமல் போய்விடுமா? முதியோர் பராமரிப்பைக் குறைவாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஐந்தாறு நோய்களும் பத்துப் பன்னிரண்டு மருந்துகளும் உள்ள முதியவர்களைத் தினமும் பார்த்து, அவர் நேற்றைவிட இன்று கொஞ்சம் குழம்பிப் பேசுகிறார், சிறுநீர்த் தொற்றாக இருக்குமோ என்று கண்டுபிடிப்பது எளிய வேலையே அல்ல. எனவே சேரலாம், நானும் விண்ணப்பித்திருக்கிறேன். ஆனால் என் நிபந்தனை ஒன்று: நான் இருக்கும் ஷிஃப்டில் என்னைவிட மூத்த செவிலியர் ஒருவராவது அதே கட்டடத்தில் இருக்க வேண்டும். இரவுப் பணியில் பதிவுபெற்ற செவிலியர் நான் ஒருத்திதான், அவசரம் என்றால் தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொன்னால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.