தொழுவை ஒட்டி ஒரு வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

பேருந்து நிலையத்தில் 29 வருஷம் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எழுதுவதுதான் பிழைப்பு. ஓய்வு பெற்ற மறு வருஷம், மதுரை வில்லாபுரத்து மாடி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, சோழவந்தானுக்குப் பக்கத்தில் என் மனைவி பிறந்த ஓட்டு வீட்டுக்கு இருவரும் குடிவந்தோம். இரண்டு அறை, அடுப்படி, திண்ணை. எல்லாம் சேர்த்து 400 சதுர அடி வரும். கூடவே இரண்டு மாடுகள். மதுரைக்காரன் மாடு வைத்திருக்கிறேன் என்றால் உடனே 'எந்த வாடிவாசல்ல இறக்குவீங்க?' என்று கேட்கிறார்கள். பாலமேடும் அலங்காநல்லூரும் பக்கம்தான். ஆனால் என்னிடம் இருப்பது ஜெர்சி கலப்பில் இரண்டு கறவை மாடுகள், செவலையும் கருப்பியும். அவை துள்ளினால் பால் வாளிதான் கவிழும்.

சாமான் இறக்கிய அன்றே வீடு தன் அளவைச் சொல்லிவிட்டது. பழைய காலத்து நிலைவாசல், உயரம் குறைவு. நான் குனிந்து நுழைந்துவிடலாம், பீரோ குனியாதே. மூன்று பீரோவில் ஒன்று மட்டும் படுத்தபடி உள்ளே போனது. சோபா ஒரு மழைக்காலம் முழுக்கத் திண்ணையில் கிடந்து, அப்புறம் டீக்கடைக்குப் போய்விட்டது. மகள் கல்யாணத்தின்போது வாங்கிய தேக்கு மேசை தொழுவில் இருக்கிறது. அதன் மேல்தான் தவிட்டு மூட்டையும் புண்ணாக்கு மூட்டையும். தரையில் வைத்தால் ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு மாட்டுக்கு விஷம், பாலிலும் இறங்கும். எங்கள் வீட்டில் அந்த மேசைக்கு இவ்வளவு வேலை எப்போதும் இருந்ததில்லை.

தொழுவைத்தான் சுருக்க முடியவில்லை. ஒரு கறவை மாட்டுக்குக் கூரைக்குக் கீழே 35 முதல் 40 சதுர அடி வேண்டும். அது போக உலாத்துவதற்கு வெளியிடம், கன்றுக்குத் தனி மறைப்பு, வைக்கோல் படப்புக்கு ஓர் இடம். கூட்டிப் பார்த்தால் எங்கள் வீட்டைவிட அது பெரிது. கொத்தனார் முதலில் வீட்டுத் தரை மாதிரி மழமழவென்று பூசிக் கொடுத்தார். செவலை ஒரு தடவை சறுக்கி முட்டி போட்டதும் எல்லாவற்றையும் கொத்தி எடுத்து, சொரசொரப்பாக, மூத்திரம் ஓடுகிற வாட்டத்தோடு மறுபடி போட்டோம். ஊர்ப்பக்கம் வர நினைப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் தொழுவுக்குக் கயிறு பிடித்து அளந்துவிடுங்கள், மிச்சத்தில் வீட்டைப் பாருங்கள். தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். கறவை மாடு ஒன்று வெயில் காலத்தில் நாளைக்கு 80 லிட்டர்கூடக் குடிக்கும். நாங்கள் இரண்டு பேரும் குளித்துத் துவைத்துச் சமைப்பதற்கே அவ்வளவு ஆகாது.

என் மனைவி மாட்டோடு வளர்ந்தவள். நான் அந்த ஊரின் மாப்பிள்ளை. அறுபது வயதிலும் தெருவே என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறது. வந்த மூன்றாம் மாதம் மனைவி மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தாள். ராத்திரி கருப்பி விடாமல் கத்தியது. பசி போலிருக்கிறது என்று எழுந்து வைக்கோல் போட்டேன். தின்னவில்லை. தண்ணீர் காட்டினேன். குடிக்கவில்லை. கொசுவாக இருக்கும் என்று வேப்பிலை மூட்டம் போட்டுவிட்டுப் படுத்தேன். இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார். "என்ன மாப்ள, மாடு அன்னைக்கு ராத்திரி பூரா கத்துச்சே, ஊசி போட்டீகளா?" என்ன ஊசி என்று நான் கேட்டதைப் பார்த்து, அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்துதான் சிரித்தார்.

அது பருவத்துக்கு வந்த கத்தல். கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கியிருக்கும், பால் குறைந்திருக்கும், பக்கத்து மாட்டின் மேல் தாவப் பார்த்திருக்கும். நான் வேப்பிலைப் புகைக்குள் எதைப் பார்த்தேன்? பருவம் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அடுத்தது 21 நாள் கழித்துத்தான். காலையில் அறிகுறி தெரிந்தால் அன்று மாலை, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை, அதுதான் சினை ஊசிக்கு நேரம். வண்டியைத் தவறவிட்டு வந்து நிற்கிற பயணிகளிடம் 'அடுத்தது ஆறரைக்கு' என்று முகம் பார்க்காமல் சொன்னவன் நான். 21 நாள் காத்திருக்கச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த மூன்று வாரத் தீவனச் செலவை மனைவி இன்றுவரை என் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறாள்.

அடுத்த பருவத்தில் ஊசி போட்டோம், சினை நின்றுவிட்டது. சுமார் 280 நாள் கழித்து, மார்கழிக் குளிரில் கருப்பி கிடேரிக் கன்று போட்டது. கன்று எழுந்து நிற்கத் தடுமாறும்போதே சீம்பாலைக் குடிக்க வைக்க வேண்டும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் குடித்தால் நல்லது. நஞ்சுக்கொடி தானாக விழும்வரை தூங்கக் கூடாது என்று மனைவி உத்தரவு. விடிகிற நேரம் விழுந்தது. அதை வைக்கோலில் பொதிந்து கட்டி, கண்மாய்க்கரை ஆலமரத்தில் தொங்கவிட்டு வந்தேன். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் சுரக்கும் என்பது ஊர் நம்பிக்கை. அறிவியல் என்ன சொல்லுமோ, நாய் இழுக்காமல் உயரத்தில் கட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்போது காலை ஐந்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் கறவை. மடியைக் கழுவித் துடைத்துப் பால் இறங்கிவிட்டால் ஏழெட்டு நிமிஷத்தில் கறந்து முடித்துவிட வேண்டும், தாமதித்தால் சுரப்பு நின்றுவிடும். பழகாத கை பட்டால் செவலை பாலை அடக்கிக்கொள்கிறது. அதனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வெளியூர் போவதே இல்லை. கல்யாண வீடுகளுக்கு ஆள் மாற்றித்தான் போகிறோம். இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. சொந்தக்காரர்கள்தான் இப்போது எங்களைத் தேடி வருகிறார்கள். வில்லாபுரத்தில் விருந்தாளிக்கென்று இரண்டு அறை போட்டு, வருஷம் முழுக்கப் பூட்டி வைத்திருந்தோம். இங்கே தனி அறை கிடையாது. பேரப்பிள்ளைகள் வந்தால் திண்ணையில் கொசுவலையைக் கட்டிக்கொண்டு, கன்றுக்குட்டி அசைபோடுவதைப் பார்த்தபடி தூங்கிவிடுகிறார்கள்.

செவலைக்கு இது சினையில் ஏழாம் மாதம் முடிகிற நேரம். ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் மடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அதனால் இந்த வாரத்தோடு பாலை வற்ற வைக்கிறோம். கருப்பி மட்டும் கறக்கிறது. இந்த ஒலிப்பதிவு முடிந்து இங்கிருந்து ஒன்றரை மணிக்குக் கிளம்பினால்தான் நாலு மணிக் கறவைக்குப் போய்ச் சேர முடியும். ஒலிப்பதிவு அறையில் கடிகாரத்தை நான் அடிக்கடி பார்த்தது அதற்காகத்தான்.

நன்றி, வணக்கம்.