ஒரே மெயில், இரண்டு கம்ப்யூட்டர்

நேயர்களுக்கு வணக்கம். ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் ஒரு லேப்டாப். இரண்டிலும் தண்டர்பேர்டோ அவுட்லுக்கோ ஏதோ ஒரு மெயில் புரோகிராம் போட்டு ஒரே மெயில் முகவரியை வைத்திருக்கிறோம். அங்கே வந்த மெயில் இங்கே வரவில்லை. இங்கே படித்து முடித்தது அங்கே இன்னும் தடித்த எழுத்திலேயே நிற்கிறது. கம்ப்யூட்டர் சரிபார்க்கப் போகிற என் போன்றவர்களிடம் இந்தப் புகார் வராத மாதமே இல்லை.

ஒரு ஆடிட்டர் ஆபீஸ் கதை சொல்கிறேன். இதை நான் சொல்லாத இடமில்லை. முன்பே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் மாதம், கணக்குத் தாக்கல் செய்யும் நெருக்கடி. பார்ட்டி ஒருவர் போனில், "பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பி மூணு நாளாச்சு சார்" என்கிறார். இங்கே வரவே இல்லை. பழி யார் மேல்? ஆபீஸ் பையன் மேல்தான். "நீதான் எதையோ அமுக்கித் தொலைச்சிருக்கே." அவன் அழாத குறையாக என்னைக் கூப்பிட்டான்.

போய்ப் பார்த்தால் இன்பாக்ஸில் இல்லை, ஸ்பாமில் இல்லை, மெயில் வந்து சேருகிற மையக் கம்ப்யூட்டரான சர்வரிலேயே இல்லை. "வீட்ல வேற கம்ப்யூட்டர் இருக்கா சார்?" என்றேன். "லேப்டாப் இருக்கு. நான் தொடறதே இல்லை, பேரன்தான் கேம் விளையாடுவான்." அவ்வளவுதான், புரிந்துவிட்டது. பேரன் லேப்டாப்பைத் திறந்ததும் மெயில் புரோகிராம் தானாகவே பின்னால் ஓட ஆரம்பித்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மெயிலை இறக்கிக்கொண்டு, சர்வரில் இருப்பதை அழித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்த் திறந்தோம். பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டுமா, நோட்டீஸ், பில், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாமே அங்கே வரிசையாக நிற்கிறது! ஆபீஸ் பையனிடம் ஆடிட்டர் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அது வேறு விஷயம்.

இதற்குக் காரணம் மெயிலை இறக்கிக்கொள்ளும் 'பாப்' (POP) என்கிற பழைய முறை. 1984இல் வந்தது. இணைப்புக்கு நிமிஷக் கணக்கில் காசு, சர்வரில் இடமும் குறைவு. மெயிலை இறக்கு, லைனை வை என்ற காலம். ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றால் அது போதும். 'சர்வரில் ஒரு நகல் வை' என்று டிக் போட்டுவிட்டேனே என்பார்கள். மெயில் இரண்டு இடத்திலும் வரும், சரி. ஆனால் நீங்கள் படித்ததும், பதில் போட்டதும், ஃபோல்டரில் பிரித்து வைத்ததும் அந்தந்தக் கம்ப்யூட்டரோடு நின்றுவிடும்.

இதற்கு மருந்து 'ஐமேப்' (IMAP) என்கிற இன்னொரு முறை. 1986இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. ஜிமெயிலில்கூட 2007இல்தான் வந்தது. பணம் பேங்கில், கையில் பாஸ்புக் என்கிற மாதிரிதான் இது. மெயில் சர்வரிலேயே இருக்கும். படித்தாச்சு, பதில் போட்டாச்சு, நட்சத்திரம் போட்டாச்சு என்கிற அடையாளமும் அங்கேயே அந்த மெயிலோடு ஒட்டியிருக்கும். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் ஒரே நிலவரம்.

மாற்றும்போது பழைய கணக்கைத் திருத்தப் பார்க்காதீர்கள். புதிதாக ஐமேப் கணக்கு சேர்த்து, பழைய மெயிலை அதன் ஃபோல்டருக்குள் இழுத்துப் போடுங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் ராத்திரி முழுக்க ஏறும், ஏறட்டும். சர்வரில் இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இதை இரண்டு முறை சொல்கிறேன்: எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர், சர்வரில் நகல் வைக்காமல், பாப்பில் மிச்சமிருந்தாலும் அது எல்லாக் கம்ப்யூட்டரிலும் இன்பாக்ஸைக் காலி பண்ணிவிடும். ஒன்றே ஒன்று போதும், காலி.

ஐமேப்பில் அழிப்பதும் அப்படியே பரவும். அதே ஆடிட்டர் ஐமேப்புக்கு மாறிய பிறகு, "வீட்டு லேப்டாப்பில் எதுக்கு இத்தனை" என்று பழைய மெயிலையெல்லாம் டெலீட் செய்துவிட்டார். மறுநாள் ஆபீஸிலும் இல்லை. குப்பைத்தொட்டியில் கிடந்ததால் பிழைத்தார். ஆகவே ஐமேப் இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை தனி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாச்சு என்று கை காட்டுகிறார்கள். முகவரிப் புத்தகம் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன். அது ஐமேப்பில் வராது, அதற்கு 'கார்ட்-டாவ்' என்று தனி வழி உண்டு. காலண்டருக்கு 'கால்-டாவ்'. மெயிலைத் தானாகப் பிரிக்கும் ஃபில்டர்களைக் கம்ப்யூட்டரில் போடாமல், பிரவுசரில் மெயிலைத் திறந்து அங்கேயே போடுங்கள். வணக்கம்.