மூச்சு குறைந்த நடிகைக்கு ஒரு பாட்டு: ஸ்டீபன் சோண்ட்ஹைம்

வணக்கம். இன்றைக்கு ஒரு சின்னச் சோதனையோடு ஆரம்பிக்கலாம். மூச்சை நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பாட்டின் பல்லவியை நடுவில் மூச்சு விடாமல் பாடிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவது வரிக்குள் திணறல் வந்துவிடும். எனக்கு இரண்டாவது வரியிலேயே வந்துவிட்டது. அதை எடுத்த வீடியோவை அழித்துவிட்டுத்தான் இப்போது மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் திணறலுக்கென்றே ஒருவர் பாட்டுக் கட்டினார். அவர் பெயர் ஸ்டீபன் சோண்ட்ஹைம். நியூயார்க்கின் பிராட்வே மேடைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதியவர். பாட்டும் அவரே, மெட்டும் அவரே.

'எ லிட்டில் நைட் மியூசிக்' என்று ஒரு நாடகம், 1973 பிப்ரவரியில் மேடையேறியது. அதன் ஒத்திகை நேரம். கதாநாயகி கிளினிஸ் ஜான்ஸ். நல்ல நடிகை, கொஞ்சம் கரகரத்த, இனிமையான குரல். ஆனால் ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டி நிறுத்த அவரால் முடியாது. கதையில் அவருக்கும் தொழில் நடிப்புதான். பழைய காதலனிடம் போய், நம் வாழ்க்கையை மறுபடி தொடங்கலாம் என்கிறாள். இளம் மனைவியை விட்டு வர முடியாது என்கிறான் அவன். முதலில் அந்தக் காட்சியில் பாட வேண்டியவன் அவன்தான். இயக்குநர் ஹரால்ட் பிரின்ஸ் காட்சியை அமைத்த விதத்தில், கனம் முழுக்க அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்படியானால் பாட்டும் அவளுக்குத்தான் என்று முடிவாயிற்று.

நீட்ட முடியாத குரலுக்கு என்ன எழுதுவது? சோண்ட்ஹைம் அந்தக் குறையையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார். வரிகளைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடைத்தார். மூன்று சொல், நிறுத்தம். மறுபடி மூன்று நான்கு சொல், நிறுத்தம். முதல் கேள்வி முடிகிற சொல் 'ச்' என்ற ஒலியில் அடைத்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்கலாம். தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. பள்ளியில் படித்திருப்போம். நம் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்திலோ, ம், ன், ல், ர் மாதிரியான எழுத்திலோதான் முடியும். அதனால்தான் நம் பாடகர்களுக்கு வரியின் கடைசியில் இழுத்துக்கொண்டு போக அவ்வளவு வசதி. ஆங்கிலத்தில் க், ச், ட் என்று கதவைச் சாத்துகிற மாதிரி சொற்கள் முடியும். அங்கே நீட்ட வழியே இல்லை. நீட்ட முடியாத நடிகைக்கு நீட்டக் கூடாத சொல். கேட்பவர்களுக்கு அது குரலின் குறையாகத் தெரியாது. கோபத்தையும் அவமானத்தையும் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு ஒருத்தி பேசுகிறாள் என்றுதான் தோன்றும்.

அந்தப் பாட்டுதான் 'சென்ட் இன் த கிளௌன்ஸ்'. கோமாளிகளை அனுப்புங்கள் என்று அர்த்தம். சர்க்கஸ் கோமாளி என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இது நாடகக்காரர்கள் பேச்சு. ஆட்டம் சொதப்புகிறதா, கோமாளியை உள்ளே விடு. பாடுகிறவள் நடிகை, அதனால் அவள் வாயில் அவள் தொழில் சொல் வருகிறது. பிறகு ஃபிராங்க் சினாட்ரா பாடினார், ஜூடி காலின்ஸ் பாடி ஊரெல்லாம் பரப்பினார். அவர்கள் எல்லோருக்கும் மூச்சு தாராளம். எனக்கு இன்றைக்கும் கிளினிஸ் ஜான்ஸ் பாடியதுதான் பிடிக்கும்.

சரி, யாருக்கு எழுதுகிறோமோ அவர் வாயிலிருந்து எழுதுகிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பதினைந்து வயதில் வாங்கிய ஒரு திட்டிலிருந்து.

சோண்ட்ஹைம் பிறந்தது நியூயார்க்கில், 1930 மார்ச் 22. பத்து வயதில் அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மாவோடு அவருக்கு ஒத்துப்போனதே இல்லை. மகனுக்கு வயது நாற்பது தாண்டியிருந்தபோது, மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு முன்னால் அந்த அம்மா எழுதிய கடிதத்தில், உன்னைப் பெற்றதுதான் என் வாழ்க்கையில் எனக்குள்ள ஒரே வருத்தம் என்று இருந்ததாம். அதைப் பற்றி மேலே பேச எனக்கு மனசில்லை.

அம்மா பென்சில்வேனியாவில் டாய்லஸ்டவுன் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக்குக் குடிபோனார். பக்கத்தில்தான் ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன் வீடு. 'ஓக்லஹோமா!' எழுதியவர், அன்றைய அமெரிக்க இசை நாடகத்தில் பெரிய தலை. அவருடைய மகன் பையனுக்கு நண்பன். பையன் அந்த வீட்டிலேயே வளர்ந்தான் என்று சொல்லிவிடலாம்.

பதினைந்து வயதில் பள்ளிக்காக ஒரு இசை நாடகம் எழுதி, ஹேமர்ஸ்டைனிடம் கொடுத்தான். என்னைத் தெரியாத மாதிரி நினைத்துக்கொண்டு படியுங்கள் என்று வேறு சொன்னான். மறுநாள் கூப்பிட்டார். தெரியாதவன் எழுதியதாக வைத்துக்கொண்டால், நான் படித்ததிலேயே மோசமானது இதுதான் என்றார். பையன் உதடு துடித்திருக்கும் போல. திறமை இல்லை என்று சொல்லவில்லை, மோசம் என்றுதான் சொன்னேன், ஏன் மோசம் என்று பார்ப்போமா என்று உட்காரவைத்தார். முதல் மேடைக் குறிப்பிலிருந்து ஆரம்பித்து ஒரு மதியம் முழுக்க. பாட்டு எழுதுவதைப் பற்றிப் பலர் ஆயுள் முழுக்கக் கற்றுக்கொள்வதைவிட அதிகமாக அந்த ஒரு மதியத்தில் கற்றேன் என்று சோண்ட்ஹைம் பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அப்புறம் வீட்டுப்பாடம் கொடுத்தார் ஹேமர்ஸ்டைன். நான்கு இசை நாடகம் எழுது. முதலாவது, உனக்குப் பிடித்த நாடகம் ஒன்றிலிருந்து. இரண்டாவது, நல்லதுதான் ஆனால் எங்கேயோ இடிக்கிறது என்று நீ நினைக்கிற நாடகத்திலிருந்து. மூன்றாவது, நாடகமே அல்லாத ஒரு கதையிலிருந்து. நான்காவது, முழுக்க உன் சொந்தக் கற்பனை. நான்கையும் எழுதிப் பார்த்தார். ஒன்றுகூடத் தொழில்முறை மேடை ஏறவில்லை. ஏற வேண்டும் என்பதற்காகக் கொடுத்த பாடமும் இல்லை அது.

கல்லூரி முடித்த பிறகு மில்டன் பேபிட்டிடம் இசை கற்றார். பேபிட் எழுதிய இசை பாமரக் காதுக்கு எட்டாது, ஆனால் அவருக்கு வெகுஜனப் பாட்டின் மேல் கொள்ளை ஆசை. பாட்டைப் பிரித்துப் போட்டு, எந்தத் திருகாணி எங்கே என்று இருவரும் பார்ப்பார்களாம்.

1957. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. லியனார்ட் பெர்ன்ஸ்டைன் இசை, சோண்ட்ஹைம் வரிகள் மட்டும். வயது 27. உலகமே கொண்டாடியது. அதில் 'ஐ ஃபீல் பிரிட்டி' என்று துள்ளலான ஒரு பாட்டு. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து புதிதாக வந்து இறங்கிய ஏழைப் பெண், காதல் வந்த சந்தோஷத்தில் பாடுகிறாள். அதில் 'அலார்மிங்', 'சார்மிங்' என்று ஒரே வரிக்குள் பளபளவென்று இயைபு வைத்தார். ஒத்திகை பார்க்க வந்த சக பாடலாசிரியர் ஷெல்டன் ஹார்னிக், இந்தப் பெண் இப்படிப் பேசுவாளா என்கிற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் எளிமையாக மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் பழசே நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். சாகும் வரை அந்தப் பாட்டு மேடையில் வரும்போதெல்லாம் அவருக்குக் கூச்சம்தான். பாடுகிறவள் மறைந்து, எழுதியவனின் கெட்டிக்காரத்தனம் எட்டிப்பார்த்துவிட்டது என்பது அவர் குறை. கேட்பவர்கள் நமக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

'ஜிப்ஸி' 1959. இசையும் நானே என்று இருந்தார். நாயகி எத்தல் மெர்மன், பெயர் தெரியாத இசையமைப்பாளர் வேண்டாம் என்றுவிட்டார். ஜூல் ஸ்டைன் இசையமைத்தார். கோபித்துக்கொண்டு விலகப் பார்த்தவரை ஹேமர்ஸ்டைன்தான் இழுத்துப் பிடித்தார்: ஒரு நட்சத்திரத்தின் குரலுக்கு அளவெடுத்து எழுதுவது எப்படி என்று கற்றுக்கொள்ள இதைவிட வாய்ப்புக் கிடைக்காது. கிளினிஸ் ஜான்ஸின் மூச்சை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்தானே? விதை இங்கே விழுந்திருக்கிறது. மறுவருடம் ஹேமர்ஸ்டைன் காலமானார்.

1962இல்தான் பாட்டும் இசையும் முழுக்க அவருடையதாக பிராட்வே ஏறிய முதல் நாடகம் வந்தது. பண்டைய ரோமில் நடக்கிற கூத்தடி நகைச்சுவை. பெயர் ஒரு முழம் நீளம், சொன்னால் வீடியோ முடிந்துவிடும். வாஷிங்டனில் முன்னோட்டம் போட்டபோது யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் ஜெரோம் ராபின்ஸ் வந்து பார்த்துவிட்டு, கோளாறு நாடகத்தில் இல்லை, முதல் பாட்டில் என்றார். ஆரம்பத்தில் ஒரு மென்மையான காதல் பாட்டு வருகிறது, அதைக் கேட்டவர்கள் மென்மையான நாடகம் பார்க்கத் தயாராகிவிடுகிறார்கள். இன்றிரவு சிரிப்பு மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிடு. அப்படிப் பிறந்ததுதான் 'காமெடி டுநைட்'. உள்ளே அதே வசனம், அதே நடிகர்கள். அரங்கம் சிரிக்க ஆரம்பித்தது. 964 காட்சிகள் ஓடி, அந்த ஆண்டின் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதையும் வாங்கியது, பிராட்வே நாடகங்களுக்குத் தருகிற பெரிய விருது அது. இசைக்குச் சோண்ட்ஹைம் பெயர் பரிந்துரையில்கூட இல்லை!

அடுத்தது 1964இல். ஒன்பது காட்சியில் மூடிவிட்டார்கள்.

எழுபதுகளில்தான் அவர் காலம். பிரின்ஸ் இயக்க, இவர் எழுத, 'கம்பெனி', 'ஃபாலீஸ்', நாம் பார்த்த 'நைட் மியூசிக்' மூன்றுக்கும் அடுத்தடுத்து மூன்று வருடம் இசைக்கான டோனி. 'கம்பெனி'க்கு வேலை நடந்தபோது ராத்திரியெல்லாம் பியானோ அடித்துக்கொண்டிருப்பார். அடுத்த வீட்டில் நடிகை கேத்தரின் ஹெப்பர்ன். தூக்கம் கெட்ட அந்த அம்மா ஒரு நாள் வெறுங்காலோடு வந்து சன்னலுக்கு வெளியே நின்று முறைத்தாராம். பெரும்பாலும் எழுதுவது சோபாவில் படுத்துக்கொண்டு. மஞ்சள் தாள், பிளாக்விங் பென்சில். படுத்தபடி எழுதினால் தூக்கம் வந்தால் அப்படியே தூங்கிவிடலாம் என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு இதைவிட நேர்மையான காரணம் தெரியாது.

1979இல் 'ஸ்வீனி டாட்'. கழுத்தறுக்கிற நாவிதன் கதை. பயங்கரத்துக்கு நடுவே பிணத்தை வைத்து இரண்டு பேர் சிலேடை பாடிச் சிரிக்கிறார்கள், நாமும் சேர்ந்து சிரித்துவிட்டுத் திடுக்கிடுகிறோம். அது தனி வீடியோவுக்கான விஷயம்.

1981இல் விழுந்த அடி பெரிது. 'மெர்ரிலி வீ ரோல் அலாங்'. மூன்று நண்பர்களின் கதை பின்னாலிருந்து முன்னால் போகிறது. முதல் காட்சியில் நாற்பது வயது, கசந்துபோனவர்கள். கடைசிக் காட்சியில் இருபது வயது, கண்ணில் கனவு. இதை இளைஞர்களை வைத்தே போட்டார்கள். இருபது வயதுப் பிள்ளை நாற்பது வயதாக வந்து நிற்கிறான், யார் யார் என்று பார்ப்பவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் சட்டையிலேயே பெயரை அச்சடித்து மாட்டிவிட்டார்கள். பாவம். 16 காட்சி. பிரின்ஸோடு இருந்த கூட்டும் அதோடு முறிந்து, மறுபடி சேர இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

நாடகமே வேண்டாம் என்று போக இருந்தவரை ஜேம்ஸ் லபைன் என்ற இளைய இயக்குநர் பிடித்தார். சோரா என்ற பிரெஞ்சு ஓவியர் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்த ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் மனிதர்கள் நிற்கிறார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இதில் முக்கியமான ஆள் இல்லையே, வரைந்தவன் எங்கே என்றார் லபைன். அந்த ஒரு கேள்வியிலிருந்து 1984இல் 'சண்டே இன் த பார்க் வித் ஜார்ஜ்' பிறந்தது. மறுவருடம் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு. அதில் ஓவியன் வரையும்போது பாட்டும் புள்ளி புள்ளியாகத்தான் வரும். தூரிகை தொடுகிற வேகத்தில் ஒற்றை ஒற்றைச் சொல்லாக நிறங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருப்பான். பாடுகிறவன் கை என்ன செய்கிறதோ, அதுவே மெட்டு. இது என்னை உலுக்கிய இடம். பத்து வருடம் கழித்து வந்த 'பேஷன்' எனக்கு இன்னும் பிடிபடவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

தான் வாங்கிய அந்த ஒரு மதியத்தை அவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1990இல் ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தினார். முன்பின் தெரியாத இளைஞர்கள் எழுதினாலும் தட்டச்சில் சின்னக் கடிதம் போகும். அப்படி அவர் கவனித்து வளர்த்தவர்களில் ஒருவர் ஜொனாதன் லார்சன். 'ரென்ட்' என்ற அவரது நாடகத்தின் முதல் முன்னோட்டக் காட்சி நடக்க வேண்டிய நாளிலேயே, 1996 ஜனவரியில், 35 வயதில் அவர் இறந்துபோனார்.

சோண்ட்ஹைம் காலமானது 2021 நவம்பர் 26 அன்று, 91 வயதில். முந்தின நாள் நண்பர்களோடு விருந்து சாப்பிட்டிருக்கிறார். 16 காட்சியில் மூடிய அந்த 'மெர்ரிலி' 2023இல் மறுபடி பிராட்வே வந்தது. இந்த முறை வயதுக்கேற்ற நடிகர்கள், அதில் டேனியல் ராட்க்ளிஃப் ஒருவர். 2024இல் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி அதற்குத்தான். 42 வருடம் கழித்து. பார்க்க அவர் இல்லை.

போவதற்கு முன்னால், கிளினிஸ் ஜான்ஸ் பாடிய பதிவைத் தேடிக் கேளுங்கள். காதில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு, வரிகளை விட்டுவிட்டு, இடையில் அவர் மூச்சு எடுக்கிற சத்தத்தை மட்டும் கவனியுங்கள். நான் எண்ண ஆரம்பித்தேன், பாதியில் எண்ணிக்கை மறந்துபோய்ப் பாட்டுக்குள் போய்விட்டேன். நீங்களாவது கடைசி வரை எண்ணிச் சொல்லுங்கள்.